வந்த காரணம்

ஆரப்பாளையம், மதுரை
11-2-2001

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு அது பேசுகிறது. நீயும் அவரும் அந்த லண்டன் குளிரில் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நம் லாட்ஜில் அறை கூட்டுகிற மருதுதான் வாங்கி வந்து, "அண்ணே, ஸ்டாம்பை மட்டும் கிழிக்காம எனக்குக் குடுங்க" என்றான். ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள், டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். உடனே பூத்துக்குப் போய் உன்னோடு பேசலாம் என்றுதான் கிளம்பினேன். போனில் நாம் இரண்டு பேரும் "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்" சொல்லி முடித்ததும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்போம். அதற்கு எழுதுவதே மேல் என்று திரும்பிவிட்டேன்.

வாரேன் தாயி. ஆனால் ஒன்று. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல லாட்ஜாகப் பார்த்து எனக்கு ஓர் அறை சொல்லி வை. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் விடிவதற்கு முன்னே எழுந்து, தெருவையே எழுப்புகிற மாதிரி தொண்டையைச் செருமுகிறவன். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

லாட்ஜ் பார்ப்பது எப்படி என்று உனக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கணக்கு என்னைக் கைவிட்டது. ஆனால் இருபத்தாறு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பாடத்தில் மட்டும் நான் ஃபெயில் ஆக மாட்டேன். அறையைப் பார்க்காமல் சாவி வாங்காதே. சாவி கைக்கு வந்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஜன்னல் திறக்கிறதா என்று பார். திறக்காத ஜன்னலுக்குத்தான் திரைத்துணி பகட்டாகப் போடுவார்கள். நாங்களும் போட்டிருக்கிறோம். குழாயைத் திறந்துவிட்டு நூறு எண்ணு, முதல் ஐம்பதுக்கு எல்லாக் குழாயும் நன்றாகத்தான் வரும். படிக்கட்டை ஒட்டிய அறை வேண்டவே வேண்டாம். கவுண்டரில் இருக்கிறவன் சிரிப்பை நம்பாதே, அது அவன் உத்தியோகம். கூட்டுகிற ஆளின் முகத்தைப் பார். அந்த முகம் நன்றாக இருந்தால் அங்கே தங்கலாம்.

அவரைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு உன் அப்பா
சுருளி


ஈஸ்ட் ஹாம், லண்டன்
26-2-2001

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்கு என் தனி வணக்கம். அதற்கு ஓர் உறை வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், வந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் லாட்ஜ் கேட்டதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். உங்கள் மருமகன் சாய் கடிதத்தை வாங்கிப் படித்தார். "மாமாவுக்கு எது தோதோ அப்படியே செய்வோம்" என்றார். சொல்லிவிட்டுப் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினார். கழுவ இரண்டு தட்டுதான் கிடந்தது.

சனிக்கிழமை நானும் சாயும் அறை பார்க்கக் கிளம்பினோம். முதலில் பாடிங்டன். விமான நிலையத்திலிருந்து ரயில் நேராக அங்கே வருகிறது. அதனால் ஆரப்பாளையம் மாதிரியே தெரு முழுக்கத் தங்கும் விடுதி. வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில் ஓர் அறை காட்டினார்கள். ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால்தான் இன்னொருவர் கதவைச் சாத்த முடியும். நான் குழாயைத் திறந்துவிட்டு நூறு எண்ணினேன். அறை காட்ட வந்த பெண் எழுபதில் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். அப்பா எண்ணச் சொன்னார் என்றேன். அதன்பிறகு அவளும் சேர்ந்து எண்ணினாள்.

அடுத்தது ரஸல் ஸ்கொயர். பக்கத்திலேயே பெரிய மியூசியம், நல்ல மரங்கள், சத்தமில்லாத தெரு. ஜன்னல் திறக்கிறது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வண்டி மாறி வர ஒரு மணி நேரம் ஆகும். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் சாய். அப்பா ஊர் பார்க்கவா வருகிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மூன்றாவது எங்கள் தெருக்கோடியில். ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் தம் வீட்டு மாடியை அறைகளாக வாடகைக்கு விடுகிறார். குளியலறை பொது. கூட்டுகிற ஆளின் முகத்தைப் பார்க்கச் சொன்னீர்களே, அங்கே அவரேதான் கூட்டுகிறார். நல்ல முகம்.

நாலாவதாகவும் ஒன்று பார்த்தேன். சின்ன அறை. ஜன்னல் மழையில் ஊறி இறுகிவிட்டது, திறக்காது. குழாயில் முதலில் சத்தம் வரும், பிறகுதான் தண்ணீர். படிக்கட்டை ஒட்டிய அறை வேறு. உங்கள் பாடத்தில் ஒரு மார்க் கூடத் தேறாது. கூட்டுகிறவள் உங்களுக்குத் தெரிந்தவள்தான் அப்பா. எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அந்த அறை.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மகள்
ரோகிணி


ஆரப்பாளையம், மதுரை
12-3-2001

அன்பு மகளுக்கு,

நீ குழாயில் நூறு எண்ணியதை மருதுவிடம் வாசித்துக் காட்டினேன். முதலாளி கண்ணுச்சாமி அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் பாடம் கப்பலேறிப் போயிருச்சேய்யா" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு மாத லீவு தருவதாகத் தலையாட்டினார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன், அதனால் கிடைத்தது.

பாடிங்டன் வேண்டாம். ரயிலடி லாட்ஜ் ஒரு நாள் தங்குகிறவனுக்காகக் கட்டியது. அங்கே யாரும் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரஸல் ஸ்கொயர் படித்தவர்கள் பகுதி போலிருக்கிறது. மியூசியத்துக்குப் பக்கத்தில் என்னை வைத்தால் யாராவது உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் வீடே போதும். தமிழ் பேசுவார், தெருக்கோடியில் இருக்கிறது, உன் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம்.

நாலாவது அறையைப் பற்றியும் எழுதியிருந்தாய். படித்தேன்.

எதை எழுத உட்கார்ந்தாலும் பேனா பதினாலாம் நம்பர் அறைக்கே போகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னே தை மாதம் நீங்கள் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்தீர்கள். நம் லாட்ஜில் இருப்பதிலேயே நல்ல அறை அதுதான், தெரியுமா? பின்பக்கம், பஸ் சத்தம் கேட்காது. நீங்கள் வருவதற்கு முந்தின நாள் நானே புது விரிப்பு வாங்கிப் போட்டேன். வாளியை மாற்றினேன். மூன்று நாளும் காபியை மருதுவிடம் கொடுத்துவிடாமல் நானேதான் மேலே கொண்டு வந்தேன். உனக்குச் சர்க்கரை கம்மி, அவருக்கு டிக்காஷன் கூட. இதெல்லாம் உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். வேறு ஒன்றுமில்லை.

அந்த அறையில் ஆள் இல்லாத நாளில் இப்போதும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுவேன்.

முழங்கால் தேவலை. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுது.

உன் அப்பா
சுருளி


ஈஸ்ட் ஹாம், லண்டன்
29-3-2001

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினாலாம் நம்பர் நல்ல அறைதான். ஜன்னல் திறந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, விரிப்பில் கடையின் மடிப்புகூடக் கலையவில்லை. எல்லாம் பார்த்தேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு லாட்ஜுக்கு வந்து, உங்கள் வேலை முடியும் வரைக்கும் கவுண்டருக்கு எதிரே ஸ்டூலில் நிற்பேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ரிஜிஸ்டரில் எழுதுவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டினேன். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வரும்.

அன்றைக்கும் வாசித்தேன். பெயர், சாய்குமார் மற்றும் மனைவி. ஊர், பரமக்குடி. வந்த காரணம் என்ற கட்டத்தில் நீங்கள் "கோயில் தரிசனம்" என்று எழுதினீர்கள். மூன்று நாளில் நாங்கள் ஒரு கோயிலுக்கும் போகவில்லை அப்பா. திருப்பரங்குன்றத்தில் நம் வீடு அரை மணி பஸ் தூரத்தில் பூட்டிக் கிடந்தது. நான் உங்களைப் பார்க்க மட்டும்தான் வந்தேன்.

சாயை நீங்கள் மூன்று நாளும் "சார்" என்று கூப்பிட்டீர்கள். "வெந்நீர் ஆறு மணிக்கு வரும் சார்." வேறு ஆட்கள் வீட்டுப் பையன் என்று பெரியப்பா பேசியதெல்லாம் அவருக்கு வலிக்கவில்லை. அந்த சார் வலித்தது. அவர் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

சண்டைக்கு எழுதவில்லை. லாட்ஜில் தங்குகிறேன் என்று நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நாங்கள் அழைக்கும் கடிதமும் விசா விண்ணப்பமும் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்து எழுத வசதியாக எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். எங்கே தங்குவீர்கள், எதற்காக வருகிறீர்கள் என்ற இரண்டு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதை நீங்களே எழுதுங்கள். எதை எழுதினாலும் வாருங்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவரிடமும் ஓர் அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரோகிணி


ஆரப்பாளையம், மதுரை
21-5-2001

அன்பு மகள் ரோகிணிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தபால்காரர் மேல் பழி போட்டிருப்பேன், நீ நம்ப மாட்டாய்.

முதல் மூன்று வாரம் அந்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு ரிஜிஸ்டரை நீ வாசித்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். ஊரில் இருக்கிற எல்லாரும் வாசித்துவிடுவார்களே என்றுதான் அன்றைக்குப் பயந்தேன். வாடிப்பட்டி பஸ் வந்து நிற்பது நம் வாசலில். அங்கிருந்து வருகிற நம் ஆட்கள் பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, ரிஜிஸ்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவார்கள். என் மகள் வந்திருக்கிறாள் என்று எழுதினால் மறுநாளே உன் பெரியப்பா தவசி காதுக்குப் போயிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் நம் வீட்டுப் படியேறக் கூடாது என்று அவர் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். அண்ணனுக்குப் பயந்தேன் ரோகிணி. அம்புட்டுத்தான். அதற்குமேல் சொல்ல நல்ல காரணமாக ஒன்றும் என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் மருதுவை ஏணி பிடிக்கச் சொல்லிப் பரணில் ஏறினேன். பழைய ரிஜிஸ்டர்களை வருஷவாரியாகக் கட்டிப் போட்டிருக்கிறோம். முழங்கால் ஏறும்போது ஒன்று சொன்னது, இறங்கும்போது வேறொன்று சொன்னது, இரண்டையும் எழுத முடியாது. 98 தை மாதம் கிடைத்தது. என் கையெழுத்து அன்றைக்கு மட்டும் எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? பொய் எழுதும்போதுதான் எனக்கு எழுத்து குண்டு குண்டாக வருகிறது.

"கோயில் தரிசனம்" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே, "அப்பாவைப் பார்க்க" என்று எழுதினேன். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது லாட்ஜ் சட்டம், போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்தியது இந்த ஓர் இடம்தான். மருது, "இப்ப எதுக்குண்ணே, யாரு பாக்கப் போறா?" என்றான். என் மகளுக்குத் தலைகீழாகவே தெரியும்டா என்றேன்.

மறுநாள் பஸ் ஏறி வாடிப்பட்டிக்குப் போய் உன் பெரியப்பாவிடம் நேரே சொன்னேன். லண்டனுக்குப் போறேன், மக வீட்லதான் தங்கப் போறேன், கோவிச்சுக்கிட்டா திரும்பி வந்ததும் கோவிச்சுக்க என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டி முடித்தார். பிறகு, "அங்கிட்டுக் குளிரு சாஸ்தியாமே, எதைப் போத்திக்கிருவ?" என்று கேட்டார். கிளம்பும்போது ஒரு கம்பளி மப்ளர் என் பையில் இருந்தது. அதைக் கொண்டு வாரேன்.

சென்னையில் விசா கேட்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தது, தமிழில் மாற்றிச் சொல்ல ஓர் ஆளும் இருந்தார். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார்கள். "மக வீட்ல" என்றேன். எதற்குப் போகிறீர்கள் என்றார்கள். "மகளையும் மருமகனையும் பாக்க" என்றேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்களா என்று அந்த அம்மா கேட்டது. நான் வராவிட்டால் மருது கவுண்டரில் உட்கார்ந்துவிடுவான் என்றேன். மாற்றிச் சொல்கிறவர் அதையும் சொன்னார் போல, அந்த அம்மா சிரித்தது. விசா கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 9ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இறங்குகிறேன். யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் அறை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அவர் கூட்டி வைத்த அறை, சும்மா கிடக்கிறதே என்று மனசு சங்கடப்படும். நம் ஊர் அல்வா கொஞ்சம் கொடுத்து நானே பேசிக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏர்போர்ட்டில் அவரைப் பார்த்ததும் என் வாய் பழக்கத்தில் "சார்" என்று தொடங்கிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். அதனால் ஒரு வாரமாக மருதுவை எதிரே நிறுத்தி வைத்து, "வாங்க மாப்ள" என்று சொல்லிப் பழகுகிறேன். "நல்லாருக்குண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்கிறான். நேற்று சத்தமாகவே சொன்னேன். வாடிப்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாப்பிள்ளையிடம், கழுவ இன்னொரு தட்டு வருகிறது என்று சொல்.

உங்கள் சின்ன அறையின் ஜன்னலைத் திறக்க யாரையும் கூப்பிட வேண்டாம், ஆசாரியும் வேண்டாம். குழாயில் சத்தம் வந்தால் வரட்டும். படிக்கட்டை ஒட்டிய அறையாக இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் வேலை முடிந்து ஏறி வருகிற சத்தம் எனக்கு முதலில் கேட்கும். என் பாடத்தையெல்லாம் கவுண்டரிலேயே வைத்துவிட்டு, அறையைப் பார்க்காமலே வாரேன்.

உன் அப்பா
சுருளி