கடைசியில் சாத்த வேண்டிய கதவு

இன்று காலை வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சீன எழுத்துகள். அவற்றில் ஒன்று பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம். இறக்கி வைத்தவர்கள் கையெழுத்துக்காக நிற்க, நான் அந்த எழுத்தின் மேல் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். "என்ன, பெட்டியைத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. மச்சான், உன் கதையை அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன், எனக்குச் சாதகமான பாதி. மீதியை உனக்கே எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனியில் நாம் ஒரே ஷிப்ட். நீ கோவில்பதாகையில் நெல் போடும் வீட்டுப் பிள்ளை. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து டிப்ளமா படித்தவன், அந்தக் கொழுப்பு வேறு. தைவானிலிருந்து மெஷின் வந்தபோது பொத்தான்களில் எல்லாம் சீன எழுத்துதான், ஆங்கிலம் மருந்துக்கும் இல்லை. மற்றவர்கள் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டார்கள். நீயோ, மெஷினைப் பொருத்த வந்த தைவான் மெக்கானிக்கைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்காரவைத்து, இரும்புத் தகட்டில் சாக்பீஸால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாய். எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்று உன் கண் அவன் கையிலேயே இருந்தது.

அவன் ஊருக்குப் போன பிறகு எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். 'திரும்பு' என்ற எழுத்து அந்தக் கட்டத்துக்குள் கட்டம்தான். நான் வெளிக்கட்டத்தை நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே சின்னதைப் போட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"இன்னா மச்சான், எய்துறியா, கோலம் போடுறியா? ஆளு உள்ள பூந்தப்பறம்தான்டா கதவ சாத்தணும்."

"முடிஞ்சப்புறம் ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தாளு பத்து தபா எய்தினான். பத்து தபாவும் அடிக்கோடு கட்சீலதான் வந்துச்சு. சும்மாவா செய்வான்?"

நான் சிரித்தேன். எனக்கு டிராயிங் கை. அச்சடித்தாற்போல வரும் என்ற திமிர்.

பிறகு, ஒருவரை ஒரு மாதப் பயிற்சிக்குத் தைவான் அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். போய் வருபவருக்கு அந்த மெஷினின் பொறுப்பு. நீ ஆவடி ஸ்டுடியோவில் இரவல் டை கட்டிப் பாஸ்போர்ட் போட்டோவே எடுத்துவிட்டாய். மேனேஜர் நம் இருவரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, பொத்தான் எழுத்துகளை எழுதி வரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உன்னுடையது கோணல். "இவனுது நீட்டா இருக்கே," என்று என் தாளை எடுத்தார். நீ என்னைப் பார்த்தாய். 'சார், இவனுக்குத்தான் முறையாக எழுதத் தெரியும், எனக்கே இவன்தான் சொல்லிக்கொடுத்தான்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். வெளியே வந்ததும் நீதான் என் தோளில் கை போட்டாய். "போய்ட்டு வா மச்சான். யாரு போனா இன்னா, நம்ம ஆளுதான?"

அங்கே முதல் நாளே ஃபோர்மேன் எழுதச் சொன்னார். நான் கட்டத்தை மூடிவிட்டு உள்ளே போட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, அடிக்கோடு கடைசியில் வரும்படி எழுதவைத்தார். அந்த மாதம் முழுக்கப் பலகையில் அவர்கள் வேகமாகக் கிறுக்கியது எதுவும் எனக்குப் புரியவில்லை. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும், வரிசை தெரிந்தவனுக்குத்தான் பிரித்துப் பார்க்க வரும். நீயாக இருந்தால் படித்திருப்பாய். என் இடம் அது இல்லை என்று தினமும் தெரிந்தது.

"உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஃபோர்மேன் கேட்டார். "யாரும் இல்லை, நானே கற்றுக்கொண்டேன்," என்றேன். உன் பேரைச் சொன்னால் தப்பு உன் தலையில் விழும், அதனால்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. சொன்னால் 'அவன் ஏன் வரவில்லை?' என்று கேட்பார்களே என்ற பயம்தான்.

திரும்பி வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "எய்திக் காட்னியா? இன்னா சொன்னாங்கோ?" நல்லா இருக்கு என்றார்கள் என்றேன். "பாத்தியா, நம்ம வாத்தியார் வேலைய!" என்று கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தாய். அதன்பின் நான் சூப்பர்வைசர் ஆனேன். நீ மூடி வார்த்தபடியே இருந்து, நெஞ்சுவலி வந்து, நாற்பத்தெட்டு வயதில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் என் வாய் திறக்கவில்லை.

நீ சொன்னதுதான் சரி, மச்சான். இன்று யாராவது என் கையைப் பார்த்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் முதல் வார்த்தையாக உன் பேரைச் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை. அன்று கேட்டார்கள்.