ஹெட்போனில் கேட்ட சங்கு

ஐப்பசி, வியாழன் இரவு.

தம்பி போனில் ஏற்றிக்கொடுத்த புது ஆன்லைன் விளையாட்டை இன்று மதியம்தான் முதன்முதலாக ஆடினேன். பாப்பா பள்ளிக்கூடத்தில், அவர் துபாயில். வீட்டில் நான் மட்டும். பனிமலையும் பறக்கும் குதிரையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. என் வீராங்கனைக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயரையே வைத்தேன்: புளியடிக் காத்தாயி.

மந்திரவாதி வேடத்தில் ஆடிய ஒருவன் என்னோடு சேர்ந்துகொண்டு மைக்கில் பேசினான். ஊர் கோயம்புத்தூர் என்றான். வெளியாரிடம் எப்போதும் சொல்வதுபோல நானும் திருச்சி என்று சொல்லிவைத்தேன்.

அப்போது எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ஊதும் சங்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. அடுத்த நொடி ஹெட்போனில், அவன் பக்கமிருந்தும் அதே சங்கு. பிறகு வெடிச் சத்தமும் அப்படியே.

திரையில் மந்திரவாதி என் எதிரே அசையாமல் நின்றான்.

"புளியடிக் காத்தாயியக் கும்புடுற வூடு இங்க நாலுதானேக்கா," என்றான். "அதுல நீங்க யாரு?"

நான் மைக்கை அணைத்தேன்.

"சரி, சொல்ல வேணாம். கொல்லக் கதவச் சாத்திட்டு வெளையாடுங்க."

போனை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது.

இதைக் கொழுந்தனிடம் சொன்னால் முதலில் என் போனைத்தான் பிடுங்குவார். ஆனால் விளையாட உட்காருமுன், துணி காயப்போட்டு வந்ததும் அந்தக் கதவை நான் சாத்தினேன். தாழ்கூடப் போட்டேன்.