திருவிழா மாத்திரை

பாபநாசம்
2.4.2025

அன்புள்ள கனி,

நான் நலம். உன் வீட்டில் எல்லாரும் நலமா? படிப்பு விடுமுறைக்கு வந்த அன்றே ரெமிஜியஸ் அண்ணன் என் போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டான். பரீட்சை முடிந்தால்தான் கிடைக்குமாம். பதில் போட்டால் கவர் மேல் 'நோட்ஸ்' என்று எழுது, பிரிக்க மாட்டான்.

லியோவோடு அப்படி நடந்த மறுநாள் ஹாஸ்டலில் நீ கொடுத்த மாத்திரையைச் சொன்னபடியே போட்டேன். இன்னும் மாதவிலக்கு வரவில்லை, பத்து நாள் தள்ளிவிட்டது. லியோவிடம் சொன்னதற்கு, "மாத்திரை போட்டுட்டல்ல, அப்புறம் என்ன?" என்றான். அதோடு பேச்சில்லை.

உன்னிடம் வருவதற்கு முன் போன அந்த மருந்துக்கடையை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அவசரத்துக்குப் போடுகிற மாத்திரை என்று மெல்லத்தான் கேட்டேன். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேனோ.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லாரோடும் முழங்கால் போடுகிறேன். ஜெபம் வாயில் வரவில்லை. நாலு வரியாவது எழுது.

உன் ஜோதி

திருத்துறைப்பூண்டி
7.4.2025

அடி ஜோதி,

கடிதம் கிடைத்தது. பரீட்சையிலும் இதே கையெழுத்தில் எழுதினால் திருத்துகிறவர் அழுதுவிடுவார்.

பயந்து சாகாதே. எங்கள் வீட்டுக்கு அது புது மாத்திரையா? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் அம்மா, சித்தி, நான் எல்லாரும் போடுவதுதான். போட்டால் தள்ளித்தான் போகும். மாதவிலக்கையே நிறுத்தி வைக்கிற மாத்திரை, மற்றதை மட்டும் விட்டுவிடுமா?

இங்கே உளுந்து பிடுங்கியாகிவிட்டது. அப்பா களத்திலேயே கிடக்கிறார். எனக்கு ஒரு பக்கம்கூடப் படிப்பு ஓடவில்லை. நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு.

உன் கனி

திருத்துறைப்பூண்டி
16.4.2025

ஜோதி,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்றுச் சித்திக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். வீட்டிலிருந்த அந்த மாத்திரை அட்டையை நர்ஸ் கமருன்னிஸா அக்காவிடம் காட்டி, யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். "இது திருவிழாவுக்குத் தள்ளிப்போடுறதும்மா. கரு தங்காம இருக்க இது உதவாது. அதுக்கு வேற மாத்திரை, மூணு நாளைக்குள்ள போடணும்" என்றார்.

தெரியாமல் கொடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவள்போல் தைரியம் வேறு சொன்னேன். எழுதவே கை வரவில்லை.

உடனே பரிசோதனை செய்து பார். வேண்டாமென்றால் இப்போதும் வழி இருக்கிறதாம். பதினெட்டு முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து போதுமாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டு வா. நீ வரும்வரை நிற்பேன்.

கனி

பாபநாசம்
25.4.2025

கனிமொழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை வெயிலில் நின்றிருப்பாய். மன்னித்துக்கொள்.

நீ அதை எழுதிய அன்றே, பொறுக்க முடியாமல் நானே பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு கோடு. மறுநாள் பெரிய வியாழன். வீட்டில் எல்லாரும் கோவில் அலங்காரத்துக்குப் போயிருந்தார்கள். நான் தஞ்சாவூர் போனேன். நீ சொல்லாமலே அதே ஹால் டிக்கெட் பொய்தான்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. "மெதுவா சொல்லும்மா" என்றார். அதற்குத்தான் அழுதேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உன் பேர் நாக்கு வரை வந்தது. யாருமில்லை என்றேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பு பரவாயில்லை. ஈஸ்டருக்கு நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. அம்மா ஏன் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

உன் மேல் கோபமில்லை. கடைக்காரருக்குத் தெரியும், சொல்லவில்லை. உனக்குத் தெரியாது, சொன்னாய். ஆனால் நீ தூங்கு என்றாய், நானும் நம்பித் தூங்கினேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே அந்த நாட்கள் திரும்பி வருகின்றன. இனி எழுதாதே. பரீட்சையில் பார்த்தால் சிரி, நானும் சிரிக்கிறேன்.

நீ கொடுத்த அட்டையில் நாலு மாத்திரை மிச்சம். இதோடு வைத்திருக்கிறேன். காப்புக் கட்டும்போது உன் அம்மாவுக்கு ஆகும்.

அருள்ஜோதி