நுரை பூசிப் பார்த்த பஸ்

வெள்ளவத்தை
2025 செப்டம்பர் 8

பர்ஸானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று மச்சானிடம் கேட்டுவிட்டேன். ஆகவே அந்தப் பகுதி முடிந்தது.

"நீ ஆளக் கதைக்க உடுறல்ல. செல்ல ஈக்கிறத எழுதி அனுப்பு" என்று போனை வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். நிலாம் மச்சான் பஸ்ஸை வெள்ளவத்தையில் திருப்பும்போது கையில் கொடுப்பேன். தபாலைவிட அவர் வேகம்.

நேற்று உங்கள் தொடர்மாடி மண்டபத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் கதை. டீசலுக்குப் பதிலாக இயற்கை வாயுவில் பஸ் ஓட்டும் இந்தத் திட்டத்தை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறேன். வாயு கப்பலில் வருகிறது. பத்து பஸ்கள் தயாராகின்றன, முதலாவது மச்சானுடையது. மிச்சம் இருப்பது உங்கள் மாடிக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் வாயு நிரப்பும் நிலையம் ஒன்றுதான். அங்கே குடியிருப்பவர்கள் கை உயர்த்திச் சம்மதித்தால்தான் அனுமதி. ஒக்டோபர் 12 வாக்கெடுப்பு. தோற்றால் கம்பனி திட்டத்தையே மூடிவிடும். வேறு காணி தேட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

நான் திரையில் போட்ட முதல் படத்தின் தலைப்பு "வெடிப்பு எல்லைகள்". எங்கள் துறையில் அது சாதாரணச் சொல். காற்றில் இந்த வாயு நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தாலும் பற்றாது, பதினைந்துக்குக் கூடினாலும் பற்றாது என்று சொல்லத்தான் வந்தேன். தலைப்பைக் கண்டதும் பாதி மண்டபம் எழும்பிப் போய்விட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நீங்கள்தான் முதலில் எழும்பினீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சமையல் வாயு காற்றைவிடப் பாரம். கசிந்தால் தரையில் படுத்துக் கிடக்கும். இது காற்றைவிட இலேசு. கசிந்தால் மேலே போய்விடும். இதில் விளங்காதது என்ன?

உங்கள் தம்பி,
ரிப்கான்

*

மட்டக்குளி
செப்டம்பர் 13

அன்புத் தம்பி ரிப்கானுக்கு ராத்தா எழுதுவது,

வஅலைக்கும் முஸ்ஸலாம். சுகம் விசாரிப்பதற்கும் இரண்டு வரி செலவழித்திருக்கிறாய், சந்தோஷம். இரவில் கடைக் கொத்துரொட்டிதான் சாப்பாடு என்று உன் மச்சான் சொல்கிறார். வயிற்றைப் பார்த்துக்கொள்.

எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை. மேலே போவதும் விளங்கியது, கீழே கிடப்பதும் விளங்கியது. ஊரெல்லாம் அடுப்பு வெடித்த 2021ஆம் வருடம் என் குசினியிலும் கண்ணாடி அடுப்பு தூள் தூளாகப் போனது உனக்குத் தெரியும். அதற்கு முதல் நாள்தான் சிலிண்டர் கொண்டுவந்தவர் "ஒண்டும் பயமில்ல மிஸ்" என்று சிரித்துவிட்டுப் போனார். நீயும் அதையே சொல்கிறாய், சிரிக்காமல் சொல்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் வாயுச் சிலிண்டர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை ஓட்டப்போவது என் புருஷன். உன் திட்டம் மூடினால் நீ வேறு வேலை தேடிக்கொள்வாய். அவருக்கு ஒன்று நடந்தால் நான் எங்கே போய்த் தேடுவது?

கீழ்மாடிச் சீனியம்மா கூப்பிடுகிறாள். போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அவளுக்குப் புதுச் சிலிண்டர் வந்திருக்கிறது. அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் மாடியில் யாரும் புதுச் சிலிண்டரைத் தனியே பற்றவைப்பதில்லை. பக்கத்து வீட்டார் சோப்பு நுரை கொண்டுபோய் ரெகுலேட்டரிலும் குழாயிலும் பூசி, குமிழி கிளம்புகிறதா என்று பார்த்து, "பத்த வைங்க" என்று சொன்னால்தான் அடுப்பு எரியும். தன் வீட்டுச் சிலிண்டருக்குத் தானே நுரை பார்க்கக் கூடாது. அது இங்கத்தைய சட்டம். "டீ குடிக்கிற அவசரத்துல நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா" என்பாள் சீனியம்மா.

உனக்கு இப்போதைக்கு என் பதில், இல்லை.

துஆவுடன்,
ராத்தா

*

வெள்ளவத்தை
செப்டம்பர் 17

ராத்தா,

ஸலாம். உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் தப்பு. அதற்கு நேரில் சண்டை பிடிப்போம். இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தன் வீட்டுச் சிலிண்டருக்குத் தானே நுரை பார்க்கக் கூடாது. நாங்கள் செய்துகொண்டிருப்பது அதையேதான்! நாங்களே பூட்டுகிறோம், நாங்களே சோதிக்கிறோம், நாங்களே "பாதுகாப்பானது" என்று திரையில் போடுகிறோம். உங்கள் சட்டப்படி அது செல்லாது. யோசித்துப் பார்த்தால் எந்தச் சட்டப்படியும் செல்லக் கூடாது.

ஆகவே 12ஆம் திகதி திரையும் இல்லை, படமும் இல்லை. மச்சானின் பஸ்ஸில் எங்கள் சோதனைக்கூடத்திலேயே வாயு நிரப்பி உங்கள் முற்றத்தில் நிறுத்துகிறேன். வால்வு, குழாய், மூட்டு எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் மூடிகளைக் கழற்றி வைப்பேன். நீங்கள் எல்லோரும் நுரையோடு வாருங்கள். குமிழி வந்தால் எனக்குக் கை தூக்க வேண்டாம்.

மனேஜரிடம் சொன்னேன். மாடிப் பெண்கள் எல்லாம் வாளியோடு பஸ்ஸுக்குக் கீழே புகுந்தால் கம்பனியின் மரியாதை என்ன ஆகும் என்று கத்தினார். "அப்படியென்றால் இந்த முறை முதல் படத்தை நீங்களே போய்க் காட்டுங்கள்" என்றேன். சம்மதித்துவிட்டார்.

ரிப்கான்

*

மட்டக்குளி
செப்டம்பர் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். படகுக்காரன் பிறெடி, "பஸ்ஸக் குளிப்பாட்டி என்ன, கலியாணத்துக்கா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டான். சிரித்தார்கள். ஆனால் வருகிறார்கள்.

நான் வரமாட்டேன். அது என் வீட்டு பஸ், நான் நுரை பார்க்கக் கூடாது. மண்டபத்துக்குள் கதிரை போட்டுக்கொண்டிருப்பேன். சீனியம்மாதான் தலைமை.

சோப்பு எங்களுடையது. உன் கம்பனிச் சோப்பு வேண்டாம். எங்கே பூசுவது என்பதும் எங்கள் விருப்பம். பார்த்து முடிந்ததும் நீயும் உன் ஆட்களும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், கை தூக்குவது எங்களுக்குள். முடிவைக் கேட்டு எனக்கு போன் அடிக்காதே. எழுதுவேன்.

உன் மச்சான் இந்தச் சோதனையை நினைத்துச் சரியாகத் தூங்குகிறார் இல்லை. நானும்தான்.

ராத்தா

*

வெள்ளவத்தை
ஒக்டோபர் 12, இரவு

ராத்தா,

ஸலாம். போன் அடிக்கவில்லை. மூன்று முறை கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன். நீங்கள் மண்டபத்தில் இருந்தபடியால் முற்றத்தில் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

சீனியம்மாக்கா பெரிய பேசினில் நுரை அடித்துக்கொண்டு வந்தா. பின்னால் ஒரு படை. ஒருத்தர் கையில் ஸ்பொஞ்ச், ஒருத்தர் கையில் சுவருக்கு வர்ணம் பூசும் பிரஷ். பஸ்ஸுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். என் பொறியியலாளர்கள்கூட இவ்வளவு மூலை முடுக்கெல்லாம் பார்த்ததில்லை. மச்சான் நகம் கடித்துக்கொண்டு நின்றார்.

சிலிண்டர் எல்லாம் சுத்தம், வால்வு சுத்தம். மனேஜர் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் சாரதி இருக்கைக்குப் பின்னால் போகும் குழாயின் மூட்டில் சீனியம்மாக்காவின் விரல் நின்றது.

"தம்பி, இங்க முட்ட முட்டயா வருதே."

குனிந்தேன். ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. வரும் வழியில் குலுங்கித் தளர்ந்திருக்க வேண்டும். மனேஜர் என் காதில், "மல்லி, கட வஹகன்ன" என்றார். தம்பி, வாயை மூடு என்று சிங்களத்தில் சொல்கிறார்! சோப்புத் தண்ணீர் சொட்டுகிறது, காற்று அடிக்கிறது என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"ஓம், கசியுது" என்றேன். சத்தமாக. "சரியாக் கண்டு பிடிச்சீங்க. எங்கட ஆக்கள் இத உட்டுட்டாங்க."

பிறெடி கத்தினான்: "ஸ்பேனரப் போட்டு ஒரு திருகு திருகி முடியேன் தம்பி!"

"ஏலாது" என்றேன். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூட்டைத் திருகக் கூடாது. வால்வை மூடினேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குழாயில் இருந்த வாயுவை மேலே திறந்துவிட்டேன். வாசம் வந்தது, காற்றில் போய்விட்டது. அழுத்தமானி பூச்சியத்துக்கு வரும்வரை கைகட்டி நின்றேன். நான், ராத்தா! நான் கைகட்டி நின்றேன்! அதன் பிறகு மூட்டைக் கழற்றி, துடைத்து, பூட்டி, இறுக்கி, வால்வைத் திறந்தேன்.

சீனியம்மாக்கா புது நுரை பூசினா. மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தா. நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் எழும்பி, கையை உதறிவிட்டு மச்சானைப் பார்த்துச் சொன்னா:

"பத்த வைங்க."

மச்சான் இயந்திரத்தைக் கிளப்பினார். கறுப்புப் புகை இல்லை. பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

மனேஜர் வழி முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. தோற்றால் நாளைக்கு எனக்கு வேலை இல்லை. ஆனாலும் நான் சொன்னது சரி.

எழுதுங்கள்.

ரிப்கான்

*

மட்டக்குளி
ஒக்டோபர் 13, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு

என் தம்பிக்கு,

கடைசி வரிக்குப் பாயாதே. ஒழுங்காக வாசி.

நீங்கள் போன பிறகு மண்டபத்தில் கதவைச் சாத்தினோம். பிறெடி எழும்பி, "எங்கட வாழ்க்கையில எத்தின பேர் வந்து ஒண்டும் பயமில்ல ஒண்டும் பயமில்ல எண்டு சொல்லிட்டுப் போனாங்க. கசியுதெண்டு தன்ட வாயால சொன்ன ஒருத்தன இண்டைக்குத்தான் கண்டன்" என்றான். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மாதா மாதம் நிலையத்துக்கு நாங்களே நுரை பார்ப்போம், குமிழி கண்டால் அன்றைக்கு நிலையம் பூட்டு. இதற்கு ஒப்புக்கொண்டால்தான் காணி என்று முடிவெடுத்தோம். உன் மனேஜரிடம் சொல். பேரம் இல்லை.

எதிர்த்து நான்கு கை. மற்றதெல்லாம் உனக்கு!

மண்டபம் அதிர்ந்தது. பிறெடி எங்கிருந்தோ பட்டாசுச் சரம் ஒன்றைக் கொண்டுவந்தான். சீனியம்மா அதைப் பறித்து நுரைப் பேசினுக்குள் போட்டுவிட்டாள். உன் மச்சான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, விஷயம் கேட்டு, எங்கள் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். இவ்வளவு சிரித்து அவரை நான் கண்டதில்லை. இன்றைக்கு உன்னிடம் இதைத் தரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். முகத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் கைகளை எண்ணுகிற ஆள் தன் கையைத் தூக்குவதில்லை. செயலாளரான நாள் முதல் நான்தான் எண்ணி வந்திருக்கிறேன். ஒரு நாளும் விட்டுக்கொடுத்தது இல்லை.

நேற்று சீனியம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, "இண்டைக்கு நீங்க எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் ஒன்று என்று தொடங்கியது என்னில்தான்.

உன் ராத்தா,
பர்ஸானா