கண்டக்டர் கையில் கொடுத்துவிட்ட கவர்

ஜனவரி 4, திங்கள்

மூடுபனி. பத்து மணி வரை சுகாதார நிலையத்துக்கு எதிரே ஆம்புலன்ஸ் நிற்பதே தெரியவில்லை. காய்ச்சல் பதிவேடு முடிந்தது. தடுப்பூசிப் பதிவேடு பாக்கி.

மதியம் தங்கை ஜெனி பேசினாள், நர்ஸ் அக்காவின் போனில். என் போன் கீழே கச்சிராயபாளையத்தில், நூர்ஜஹான் அக்கா மளிகைக் கடையில் இருக்கிறது. என் சிம்முக்கு மலையில் டவர் கிடையாது. ஓ.டி.பி. வந்தால் அக்கா எழுதி வைப்பார். மலையில் வேலை பார்க்கும் பாதிப் பேர் இப்படித்தான்.

அழுதாள். அவளுடைய நர்சிங் படிப்புக் கடனைக் கள்ளக்குறிச்சி வங்கியில் நிறுத்திவிட்டார்களாம். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று நான்தான் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் பெயரில் கிரெடிட் கார்டு பாக்கி காட்டுகிறதாம். பாக்கியும் இல்லை, தாமதமும் இல்லை என்று கார்டு கம்பெனி கடிதம் தர வேண்டும். வெள்ளிக்குள். இல்லையென்றால் கல்லூரி இடம் போய்விடும்.

"நீ கட்டிட்டன்னுதானே சொன்ன?"

கட்டினேன். அந்தக் கார்டில் லேப்டாப் வாங்கிய பணம், கடைசி ரூபாய் வரை, நவம்பரிலேயே.

ஜனவரி 5, செவ்வாய்

டாக்டரிடம் லீவு. "எதுக்கும்மா?" "பேங்க் வேலை சார்."

முதல் பஸ். கண்டக்டர் சேகர் அண்ணன்.

"இன்னா ஸ்டெல்லா, சனிக்கிழமகூட இல்ல, எறங்கிட்ட?"

சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. நவம்பர் பணம் போனது அவர் கையில்தான். மாத்திரை, தேன் பாட்டில், கல்யாணப் பத்திரிகை, பணம், மலையிலிருந்து எல்லாம் அவர் கையில்தான் இறங்கும். கவர் மேல் பெயர் எழுதினால் போதும். கடையில் நூர்ஜஹான் அக்காவின் வீட்டுக்காரர், பாய், பிரித்துத் தன் போனில் கட்டிவிடுவார். அன்று இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் மரம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கவர் மறுநாள் காலைதான் கடைக்குப் போனது. பாய் உடனே கட்டினார். ஒரே ஒரு நாள்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தின்னா யார் கையிலனா குடுத்து அனுப்பிச்சிருப்பேன். கடசி நாளுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

உண்மை. கவர் மேல் பெயர் எழுதினேன், தேதி எழுதவில்லை. அது என் தப்பு.

கடை. நூர்ஜஹான் அக்காவின் கடன் நோட்டில் கடைசிப் பக்கம் முழுக்கக் கோடுகள். எனக்கு வந்த போன்கள். இருபத்து மூன்று.

"ஏங்க்கா சொல்லல?"

"கார்டு பத்தி எவன் பேசினாலும் திருட்டுப் பயன்னு டி.வி.ல சொல்றாங்களே. நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கி வுட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஆண் குரல், சின்ன வயசு.

"ஸ்டெல்லா மேடங்களா?"

"மளிகைக் கடைபா. துவரம்பருப்பு வேணுமா?"

"பேமெண்ட் எப்ப மேடம் பண்ணுவீங்க?"

"நீ பருப்பு வாங்கினா நீதானபா பண்ணணும்?"

"இன்னிக்கு கட்டலன்னா வூட்டுக்கு ஆள் வரும் மேடம், சொல்லிட்டேன்."

வூட்டுக்கு. நம்ம ஊர்ப் பக்கம் பேசுகிற பையன். அக்கா போனை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அரிசி மூட்டைப் பக்கம் நகர்ந்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பாய் போனில் பில்லைத் திறந்து பார்த்தோம். தாமதக் கட்டணம், அதற்கு வரி, வட்டி, டிசம்பரில் அந்தக் கட்டணத்தைக் கட்டாததற்கு இன்னொரு தாமதக் கட்டணம். 1,874.

"கட்டித் தொலச்சிடும்மா," என்றார் பாய்.

"கட்டினா பாக்கி போயிடும் பாய். தாமதம்னு இருக்கறது போகாதே."

வடக்கனந்தலில் எங்கள் வீடு வந்து சேர்ந்தது நாலு மணிக்கு. அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். ஜெனி என்னோடு பேசவில்லை, ஆனால் காப்பி வைத்தாள். டிரங்குப் பெட்டியில் கார்டோடு வந்த புத்தகத்தைத் தேடினேன். பதினாலு பக்கம், எறும்பு எழுத்து. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்பதாம் பக்கம், மூன்றாம் பத்தி: கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம்.

மூன்று முறை படித்தேன். ஜெனியையும் படிக்கச் சொன்னேன். அவளுக்கும் அதே அர்த்தம்தான் வந்தது. பென்சிலில் கோடு போட்டேன்.

ஜனவரி 6, புதன்

வெயில். பேச வேண்டியதை எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.

1. பெயர், கார்டின் கடைசி நாலு எண்
2. இந்தி வந்தால் 'தமிழ்' என்று மட்டும்
3. கட்டிய தேதி, பாய் போனில் உள்ள ரசீது
4. ப. 9, பத்தி 3
5. மன்னிப்பு கேட்கக் கூடாது

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. முதல் ஆள், "கட்டிட்டா சரியாயிடும் மேடம்." கட் ஆகிவிட்டது. இரண்டாவது ஆளிடம் முதல் வரியிலேயே சாரி சொல்லித் தொலைத்தேன். அதுவும் கட். பாய் எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "மறியல் பண்றவங்க ரோட்ல உக்காந்து கேட்டுக்கினு இருக்காங்க. நீ சேர்ல உக்காந்து கேளும்மா," என்று ஸ்டூலை நகர்த்தினார்.

மூன்றாவது, ஒரு பெண்.

"இந்த நம்பர் உங்ககிட்டதான் இருக்கா மேடம்? இத்தனை தடவை வேற யாரோ பேசியிருக்காங்களே?"

உள்ளதைச் சொன்னேன்.

"ஓ.டி.பி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது மேடம்."

"மலையில டவர் போடுங்க, சொல்ல மாட்டோம்."

நானா சொன்னேன்? பின்னால் நூர்ஜஹான் அக்கா கைதட்டுவது போல முறத்தில் தட்டினார்.

அதே வேகத்தில், "உங்க புத்தகத்துல பக்கம் ஒன்பது. நான் படிக்கறேன், கேளுங்க," என்று ஆங்கிலத்தில் படித்தேன். இரண்டு இடத்தில் உச்சரிப்பு தடுமாறியது. நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, "லைன்லயே இருங்க மேடம்." பதினோரு நிமிஷம்.

தாமதக் கட்டணம் இரண்டும் வரியோடு ரத்து. நவம்பர் வட்டி மட்டும் நிற்கும். அது சொற்பம்.

"வட்டி கட்டறேன். அந்த ஒரு நாள் என்னோடது. தாமதம்னு இருக்கறதையும் எடுத்துட்டு லெட்டர் வேணும்."

"ஏழு வேலை நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை வேணும்."

"சான்சே இல்ல மேடம்."

"அப்ப உங்களுக்கு மேல யாரு? மெயில் விலாசம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னார். புகார் எண்ணும். அந்த லேப்டாப்பிலேயே கடிதம் அடித்தேன். ரசீது, ஒன்பதாம் பக்கத்தின் படம், கல்லூரிக் கெடு. வட்டியையும் கட்டினேன்.

ஜனவரி 7, வியாழன்

காலையிலிருந்து கடையில். மெயில் இல்லை. அக்காவுக்கு மிளகாய் புடைத்துக் கொடுத்தேன். தும்மல்.

இரண்டு மணிக்கு சேகர் அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "நாளிக்கி மறுபடியும் மறியல்னு பேசிக்கிறாங்க. இன்னிக்கே கள்ளக்குறிச்சி போய்டு. நாளிக்கி வண்டி எடுப்போமோ இன்னாவோ."

4.10. மெயில். பாக்கி இல்லை. தாமதப் பதிவு நீக்கப்பட்டது. பாய் இரண்டு பிரதி எடுத்தார்.

"இங்க வெச்சிட்டுப் போ. காலைல மச்சான் பைக்ல போறான், பேங்க்ல குடுத்துடுவான்."

"வேணாம் பாய். நானே எடுத்துனு போறேன்."

போனையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா அதை முந்தானையில் துடைத்துத் தந்தார், ஊருக்கு அனுப்புகிற பெண்ணைப் போல. கடைசி பஸ். கள்ளக்குறிச்சியில் சித்தி வீடு.

ஜனவரி 8, வெள்ளி

பஸ் இல்லை. கடைகள் மூடல். வங்கியில் பாதி ஷட்டர். குனிந்து உள்ளே போனேன்.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினார். சீல் எடுத்தார், மை காய்ந்திருந்தது, ஊதினார், மறுபடி குத்தினார்.

"ரெண்டே நாள்ல எப்படிம்மா வாங்கின?"

"கேட்டேன் சார்."

ஜெனிக்குச் சொல்லலாம் என்று வாசலில் போனை எடுத்தேன். அதற்குள் அதுவே அடித்தது. புது நம்பர், ஆள் வரும் என்று மிரட்டிய அதே பையன்.

"ஸ்டெல்லா மேடங்களா?"

"ஸ்டெல்லாதான் பேசறேன்."

"இன்னாங்க... நெசமாவே ஸ்டெல்லாங்களா?"

"ஆமாங்க. பேனா இருக்கா? புகார் எண் சொல்றேன், எழுதிக்குங்க."