வண்டல் மண்ணும் நேசனும்

12 மார்ச் 2013, செவ்வாய். லா சப்பல், பாரிஸ்.

ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மண் ஆய்வுக்குத் தோண்டிய குழியில் மேல்மண் வண்டல்தான். அதற்கு அடியில் பனியாறு உருகிய வெள்ளம் பரப்பிவிட்டுப் போன சரளை. மண் ஆய்வாளர் சுகந்தி இன்று மாலை சொன்னது. என் பத்திரிகைக்கு இந்தச் செய்தியை எழுத மாதக்கணக்காக அவளுக்குப் பின்னால் அலைந்தவன் நான்.

தேத்தண்ணிக் கடையில் அவள் மண் பையைத் திறந்தாள். தடவினேன், வழுவழுப்பாக இருந்தது. "களிமண்" என்றேன். என் வயதுக்காரனான வானொலி நேசன் தன் தேத்தண்ணியையே கொஞ்சம் ஊற்றிக் குழைத்து, விரலிடையே நாடா போல அழுத்தினான். உடனே உடைந்தது.

"களியெண்டால் இழுபடுமடா. இது வண்டல். காஞ்ச மண்ணைத் தடவியே செய்தி எழுதப்போறாய்?"

"ஓம், நேசன் அண்ணை சொன்னதுதான் சரி," என்று சுகந்தி சிரித்தாள்.

என்னையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அப்படிச் சிரித்ததில்லை.

குழியைப் பார்க்கச் சுகந்தி போகும் காரில் ஒரு இடம்தான் மிச்சம். எனக்கா, நேசனுக்கா? அந்த மண் இப்போதும் அவன் நகத்துக்குள் இருக்கும்.

வண்டல் என்பது துகளின் பருமன்தான்; மண்ணை எந்த வகையில் சேர்ப்பது என்பதற்கு ஆய்வுகூட முடிவு வரவேண்டும். வெள்ளிக்கிழமை வரும் என்றாள். காரில் யார் என்பதையும் அன்றைக்குத்தான் சொல்லுவாளாம்.