இருபத்து நான்கு மணி நேர நோட்டீஸ்

ஹட்யாய், தாய்லாந்து
5 ஜனவரி 2025

அன்புள்ள ஷாமினிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். கால்பந்து கிளப்பில் நன்றாகக் கவனிக்கிறார்கள். சாப்பாட்டில் சர்க்கரை அதிகம், மற்றபடி குறையில்லை. அம்மாவிடம் சொல்லிவிடு.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். உள்ளே இருப்பது உன் வேலை விலகல் படிவம். உன் பெயர், அடையாள அட்டை எண், புக்கிட் பெலண்டோக் கிளினிக் முகவரி எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். இருபத்து நான்கு மணி நேர நோட்டீஸ் கொடுத்தால் அரசாங்கத்துக்கு உன் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டுமாம். கட்டிவிடலாம். அது எனக்கு இங்கே நான்கு நாள் சம்பளம்.

இரண்டு வருட ஒப்பந்தம். அத்தனை நாள் நீ இல்லாமல் என்னால் முடியாது. எட்டு வருடம் காதலித்தோம், கல்யாணமாகிப் பதினாறு மாதம்தான் ஆகிறது. சீக்கிரம் கிளம்பி வா.

உன்,
ஹேமநாதன்


புக்கிட் பெலண்டோக்
மலேசியா
16 ஜனவரி 2025

உயர்திரு ஹேமநாதன் அவர்களுக்கு,

இத்தனை மரியாதை எதற்கு என்று கேட்காதீர்கள். அலுவலகப் படிவம் அனுப்பினீர்கள், அலுவலகப் பதில் வருகிறது.

அத்தை நன்றாக இருக்கிறார். உங்கள் ஆட்டத்தை போனில் பார்க்கக் கற்றுக்கொண்டு, பந்து யார் காலில் இருந்தாலும் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்.

படிவத்தில் என் எண்ணைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விலகும் காரணம் என்ற இடத்தில் "கணவருடன் வாழ" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்டு வருடமாகப் பார்க்கும் வேலை. மோட்டாரில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்ப்பது உங்களுக்கு விளையாட்டாகத் தெரிகிறதா?

அத்தையும் உங்கள் கட்சிதான். "அவன்தான் அள்ளிக் கொடுக்கிறானே, நீ ஏன் லா மழையில மோட்டார் ஓட்டிக்கிட்டு அலையுற?" என்கிறார். நான் சிரித்துக்கொண்டே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாமினி


ஹட்யாய்
28 ஜனவரி 2025

ஷாமினி,

கோபத்தில்தான் எழுதுகிறேன். என் சம்பளத்தைக் கேட்டு ஊரே வாயைப் பிளக்கிறது. பந்தை உதைப்பதற்கு இவ்வளவா என்கிறார்கள். விளையாட்டா என்று கேட்டு நீயும் அதில் சேர்ந்துவிட்டாய்.

நான் ஆடுவதைப் பார்க்க எட்டாயிரம் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். நீ பிரஷர் பார்ப்பதைப் பார்க்க யார் வாங்குகிறார்கள்? சரி, இது தப்பான பேச்சு. பேனாவால் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எனக்கு வயது இருபத்தொன்பது. இன்னும் நான்கு வருடம், மிஞ்சினால் ஐந்து. இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. உனக்கு அறுபது வயதுவரை வேலை, அப்புறம் பென்ஷன். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டியதை நான் பத்து வருடத்துக்குள் சம்பாதித்தாக வேண்டும். இதில் என்ன அநியாயம்? நீ போனால் வேறு நர்ஸ் வருவாள். என் இடத்தில் ஆட அவ்வளவு சுலபமாக ஆள் கிடைக்காது. அதனால்தான் கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி கடைசிக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் உனக்கு நான் முக்கியமா கிளினிக் முக்கியமா என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன்.

ஹேமநாதன்


புக்கிட் பெலண்டோக்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹேமநாதனுக்கு,

எஸ்டேட் டீமில் உங்களோடு கோல்கீப்பராக ஆடிய மைக்கல்ராஜுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பது தெரிந்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆட்ரிக்கு அன்று ஆறாம் நாள். வாசலிலேயே மாமியார் லில்லி என்னை நிறுத்திவிட்டார்.

"தலவலிதான் மிஸ்ஸி. நேத்து தலைக்கு ஊத்துனோம், ஈரம் காயல லா. மருந்து கொடுத்துட்டேன், இப்பதான் கண்ண மூடுனா. நாளைக்கு வாங்களேன்."

நாளைக்கு வர மாட்டேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆட்ரி தூங்கவில்லை. "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது மிஸ்ஸி" என்றாள். பிரஷர் நூற்று எழுபத்தெட்டு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். முப்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசலைத் தாண்டக் கூடாது என்று லில்லி கதவை மறித்து நின்றார். அவரைத் திட்டினேன், பிறகு கையைப் பிடித்துக் கெஞ்சினேன், கடைசியில் அவரையும் சேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று போர்ட் டிக்சன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இப்போது தாயும் பிள்ளையும் நலம்.

அவர்களாக ஆட்ரியைக் கிளினிக்குக் கூட்டி வந்திருக்கவே மாட்டார்கள். யாராவது வீடு தேடிப் போனால்தான் உண்டு. அந்த யாராவதுதான் நான். யாரும் கைதட்டவில்லை. மீதி நான்கு வீட்டுக்கு அன்று ஏன் போகவில்லை என்று மேலதிகாரி கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் சம்பளத்தின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அந்த முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிட்டவள் நான்தானே. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் இன்னும் கொடுக்க வேண்டும், கொடுக்கவில்லை, அது வேறு சண்டை. ஆனால் யாருக்குச் சம்பளம் குறைவோ அவர்தான் வேலையை விட வேண்டும் என்று நம் வீட்டில் எப்போது முடிவு செய்தோம்?

வேறு நர்ஸ் வருவாள் என்றீர்கள். பக்கத்து ஊர் சுவா கிளினிக்கில் ஆகஸ்ட்டில் ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போனார், அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் இடத்தில் ஆடுவதற்கு பெஞ்சில் ஏழு பேர் ஷூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுவாவையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று நேற்றுக் கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நான் வர மாட்டேன். நீங்களா கிளினிக்கா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். இனி எழுத மாட்டீர்கள் என்றால் அழுவேன், நன்றாகவே அழுவேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

என்றும் உங்கள்,
ஷாமினி


ஹட்யாய்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷாமினிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. பதில் எழுதக் கூடாது என்றுதான் வீம்பாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மைக்கல்ராஜ் கூப்பிட்டான். அவனைத் தெரியுமே, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கூப்பிட்டு, எந்தப் பந்தை ஏன் கோட்டைவிட்டாய் என்று உயிரை எடுப்பவன். முந்தின நாள்தான் நான் இரண்டு கோல் போட்டிருந்தேன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "மச்சான், மிஸ்ஸி அன்னைக்கு வரலன்னா என் பிள்ளைக்கு அம்மா இல்ல லா" என்று சொல்லிவிட்டு அழுதான். உன் பெயரை அந்தப் படிவத்தில் எழுதிய கை இது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

என் சம்பளம் நியாயமானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. மன்னித்துவிடு.

நேற்று மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தத்தை ஒரு வருடமாகக் குறைக்கச் சொன்னேன், மாதம் மூன்று நாள் வீட்டுக்குப் போக லீவும் கேட்டேன். அப்படியானால் சம்பளத்தில் வெட்டு விழும் என்றார். விழட்டும் என்றேன். இந்த வயதில் கையில் வரும் பணத்தை வேண்டாம் என்கிற ஆட்டக்காரனை அவர் பார்த்ததில்லையாம். மனைவியை இங்கே கூட்டி வந்துவிடலாமே, என்ன தடை என்று கேட்டார்.

என் மனைவி வேலையில் இருக்கிறாள், அவளால் வர முடியாது என்று சொன்னேன்.

உன்,
ஹேமநாதன்